டீக்கடையில் வெளியான முதல் பிரதி

ஆய்வு நூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய நிம்மதி உண்டு. யாராவது படித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை. கதை எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர், "அது என்னைப் பத்தித்தான?" என்று சண்டைக்கு வருவார். கவிதை எழுதினால் வீட்டிலேயே சந்தேகப்படுவார்கள். மானுடவியலில் தடிமனாக ஒரு நூல் எழுதிப் பாருங்கள். அடிக்குறிப்புகளைப் பார்த்ததுமே சொந்தத் தங்கைகூட, "அட்டை நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போய்விடுவாள்.

என் நூலை இதுவரை மூன்று பேர் முழுதாகப் படித்திருக்கிறார்கள். ஒருவர் மெய்ப்புத் திருத்தியவர் (பாவம், அவருக்கு அது வேலை). இன்னொருவர் என் ஆராய்ச்சிக்கு நெறியாளராக இருந்த பேராசிரியர். மூன்றாவது ஆள் நான் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் வெளியீட்டு விழா அன்று நடந்ததைப் பார்த்தவர்கள், நான் அந்த நூலைப் படித்திருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்கிறார்கள்.

நூலின் பெயர் 'முறையும் மனத்தாங்கலும்: வானம் பார்த்த பூமியில் உறவுச் சச்சரவுகள்'. தலைப்பின் நடுவில் ஒரு முக்காற்புள்ளி இல்லாவிட்டால் அதை ஆய்வு நூலென்று எங்கள் துறையில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் சொந்தக்காரர்கள் ஏன், எப்படி, எந்த இடத்தில் கோபித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பொருள். பத்திரிகையில் யார் பெயர் யார் பெயருக்குக் கீழே வந்தது, யாரைக் கடைசியில் அழைத்தார்கள், பந்தியில் யார் இலைக்குப் பாயசம் வராமல் போனது என்று வெயிலில் ஊர் ஊராக அலைந்து எழுதினேன். அதில் என் முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான்: கோபமும் மனத்தாங்கலும் ஒன்றல்ல. கோபப்பட்டவர் விசேஷத்துக்கு வரமாட்டார். மனத்தாங்கல் பட்டவர் கட்டாயம் வருவார். வந்து, உள்ளே நுழையாமல், உள்ளே இருக்கிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஓர் இடத்தில் முதுகைக் காட்டி உட்காருவார். யாராவது வந்து முறையாகக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டார். இதற்கு ஓர் இயலையே ஒதுக்கியிருந்தேன். யார் எங்கே உட்காருவார் என்பதற்கு வரைபடம்கூடப் போட்டிருந்தேன்.

இவ்வளவையும் எழுதியவள்தான் என் தாய்மாமனுக்கு வாட்ஸப்பில் அழைப்பு அனுப்பினேன்.

"மாமாவுக்குச் சொல்லியாச்சா?" என்று அம்மா கேட்டாள். மாமா, அம்மாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன். பரளச்சியில் இருக்கிறார்.

"வாட்ஸப்புல அனுப்பிட்டேம்மா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். எங்கள் வீட்டில் அம்மா பாதிச் சமையலில் அடுப்பை அணைத்தால் விஷயம் பெரிது என்று பொருள்.

"வாட்ஸப்புல கூப்டியா? எங்க அண்ணனயா?"

"பாத்துட்டாகம்மா. நீலக் கோடு விழுந்திருச்சு."

"நேர்ல போயி வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடாம, கோடு விழுந்துச்சுங்கிறா. உன்னையெல்லாம் படிக்க வச்சாரு பாரு, உங்கப்பாவச் சொல்லணும்."

"இது விசேஷம் இல்லம்மா. அறிவாளிங்க வந்து பேசிட்டுப் போற கூட்டம். இதுக்கெல்லாம் முறை கெடையாது."

"மண்டபத்துலதான நடக்குது?"

மண்டபத்தில்தான். கல்லூரி அரங்கில் தேர்வு நடந்ததால் பாளையம்பட்டி போகிற சாலையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தேன். மண்டபத்தில் நடந்தால் அது விசேஷம்; விசேஷம் என்றால் தாய்மாமன் முன்னால் நிற்க வேண்டும். எனக்குக் காது குத்தியபோதும், சடங்கு வைத்தபோதும், கல்யாணத்திலும், வளைகாப்பிலும் தட்டு வரிசையோடு மேளம் கொட்டி வந்து முன்னால் நின்றவர் அவர். அவர் கணக்கில் இந்தப் புத்தகம் எனக்கு நடக்கும் அடுத்த நல்லது, அவ்வளவுதான்.

இதில் அம்மாவுக்கு இருந்த பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. தாத்தாவும் பாட்டியும் போன பிறகு, அம்மா 'பொறந்த வீடு' என்று சொல்வது ஒரு வீட்டை அல்ல, இந்த ஒரு மனிதரைத்தான். என் தம்பி கல்யாணத்தில் மாமாவைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று இரண்டு வீட்டுக்கும் நெடுநாள் பேச்சே இல்லை. அந்தப் பொங்கலுக்குப் பரளச்சியிலிருந்து அம்மாவுக்குச் சேலை வரவில்லை. நாங்கள் எடுத்துக் கொடுத்த சேலையை அம்மா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பழையதைக் கட்டிக்கொண்டு பொங்கல் வைத்தாள். இதையெல்லாம் நானே நான்காம் இயலில், 'தகவலாளர் க. அவர்களின் அனுபவம்' என்று பெயரை மறைத்து எழுதியிருந்தேன். அந்தத் தகவலாளர்தான் இப்போது அடுப்பை அணைத்துவிட்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் முடியட்டும்மா. மறுநாளே பரளச்சிக்குப் போயிட்டு வாரேன்" என்றேன். எனக்கிருந்த பரபரப்பெல்லாம் பேராசிரியரைப் பற்றித்தான். பதிப்பாளர் வெளியிட, பேராசிரியர் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. நூலுக்கு அணிந்துரை எழுதியவரும் அவர்தான். 'முதல் மரியாதை, முதல் தாம்பூலம் ஆகியவற்றின் மீது மக்களுக்கு இருக்கும் இந்த மயக்கம் கல்வி பரவப் பரவத் தானே கரைந்து மறையும்' என்று அதில் அழகாக முடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். முந்தைய நாள் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரங்கள் அப்படியே நின்றன. மேடைக்குப் பின்னால் ஒட்டியிருந்த மணமக்கள் பெயரில் மாப்பிள்ளை பெயரை மட்டும் உரித்திருந்தார்கள். பெண்ணின் பெயருக்குக் கீழே என் நூலின் அட்டைப்படம் தொங்கியது. சென்னையிலிருந்து வந்திருந்த பதிப்பாளர், தான் புதிதாகப் போட்ட ஆய்வு நூல்களையெல்லாம் வாசல் பக்கத்து மேசையில் விற்பனைக்குப் பரப்பிவைத்திருந்தார். 'காலனிய காலத்துக் கருவேலமரம்: ஒரு மறுவாசிப்பு', 'கிணற்றடிப் பேச்சின் சமூகவியல்: சில முன்குறிப்புகள்' என்று எல்லாமே முக்காற்புள்ளி வைத்த தரமான நூல்கள். பேராசிரியர் மதுரையிலிருந்து காரில் வந்திறங்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னட்டையைப் படித்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இது வேறு உலகம், இங்கே யாரும் பாயசத்துக்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதிப்பாளர் பேசத் தொடங்கினார். மானுடவியல் என்ற சொல்லை அவர் உச்சரித்த நேரத்தில் வெளியே மேளச் சத்தம் கேட்டது.

மேடையிலிருந்து பார்த்தால் மண்டப வாசலும் அதற்கு எதிரே டீக்கடையும் நேராகத் தெரியும். டீக்கடை ஓரத்தில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதில் மாலை போட்ட ஒரு கிடா. பக்கத்தில் மேளக்காரர்களும் பரளச்சிச் சொந்தங்களும். அத்தை தட்டுகளை இறக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். மொடமொடப்பான வெள்ளை வேட்டி சட்டையில் மாமா, டீக்கடை பெஞ்சில், மண்டபத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

(என் வரைபடத்தில் 'இடம் ஆ' என்று குறித்திருந்த அதே கோணம்.)

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? 'மாமா டீ குடித்துவிட்டு வருவார்' என்றுதான் தோன்றியது. முனைவர் பட்டம் வாங்கிய மூளை.

முதல் வரிசையில் இருந்த அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. பதிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடை ஏறி என்னிடம் வந்தாள். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, என் முன்னால் இருந்த ஒலிவாங்கிக்கு நேராகக் குனிந்தாள்.

"செல்வி, அண்ணன் வெளிய உக்காந்திருக்காரு."

"உள்ள வரச் சொல்லும்மா."

"நான் சொன்னா எப்புடி வருவாரு? நீ போயிக் கூப்புடணும்."

"நான் மேடையில இருக்கேன்மா."

"புத்தகம் இன்னொண்ணு எழுதிக்கிறலாம். எனக்கு இன்னொரு அண்ணன் கெடையாது."

மண்டபம் முழுக்க அது கணீரென்று கேட்டது. பதிப்பாளர் பேச்சை நிறுத்திவிட்டார். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு ஒரு நொடியில் எல்லா வெட்கமும் போய், அந்தப் பொங்கலன்று அவள் பழைய சேலையில் நின்றது மட்டும் நினைவுக்கு வந்தது. எழுந்தேன்.

வெறுங்கையோடு போய்க் கூப்பிடக் கூடாது. இது என் நூலில் இரண்டாம் இயல். நல்லவேளையாக அதுவாவது ஞாபகம் வந்தது. மேடை மேசையில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு ஒரு தாம்பாளம் இருந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தத் தாம்பாளத்தின் நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பொட்டலமும் இருந்ததை நான் கவனித்தேனா என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். கவனிக்கவில்லை.

"மாமா, உள்ள வாங்க."

மாமா இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். "யாரு, எங்களயா? நாங்க டீ குடிக்கல்ல வந்தோம்" என்றார். (பரளச்சியில் டீ கிடைக்காமல், கிடாயும் மேளமும் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்திருக்கிறார்.)

"நேர்ல வந்து கூப்ட்ருக்கணும் மாமா. கோவிச்சுக்காதீக."

"கோவமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. செல்லுலதான் படம் வந்துச்சே. கீழ ஒரு பூவுகூடப் போட்டிருந்த."

"நல்ல பூவுதான்" என்றார் அத்தை, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் தாம்பாளத்தை நீட்டினேன். மாமா என்னைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். வெற்றிலை, பாக்கு, பழத்தை அத்தையிடமும் தாம்பாளத்தை என்னிடமும் கொடுத்துவிட்டு அந்தப் பொட்டலத்தின் ரிப்பனை அவிழ்த்தார். உள்ளே என் நூல். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேளக்காரர்கள் தாலி கட்டுகிற நேரத்து அடியை அடித்தார்கள். டீக்கடைக்காரர் கைதட்டினார். யாரோ படம் எடுத்தார்கள். இவ்வாறாக, சமூக அறிவியல் துறைக்கு என் பங்களிப்பின் முதல் பிரதி, வடைத் தட்டுக்கு அருகில் வெளியானது.

மாமா முன்னால் நடக்க, தட்டு வரிசையோடு அத்தையும் சொந்தங்களும் பின்னால் கிடாயும் மேளமும் மண்டபத்துக்குள் வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். பேராசிரியர்கூட மலர்ந்த முகத்தோடு கைதட்டினார். அவர் கண்ணுக்கு இது அருமையான களப்பணி. மாமாவின் கக்கத்தில் இருந்த புத்தகத்தையும், என் கையில் வெறுமையாக இருந்த தாம்பாளத்தையும் பார்க்கும்வரை அந்த மலர்ச்சி இருந்தது.

பதிப்பாளர் சமாளிக்கப் பார்த்தார். "முதல் பிரதியை ஆசிரியரின் தாய்மாமா அன்போடு பெற்றுக்கொண்டுவிட்டார். இப்போது இரண்டாம் பிரதியைப் பேராசிரியர் அவர்கள்..."

பேராசிரியர் எழுந்தார். "ரொம்ப மகிழ்ச்சி. அதனாலென்ன? முதல் பிரதி, இரண்டாம் பிரதி எல்லாம் ஒன்றுதானே" என்றார். "ஒரு முக்கியமான போன் வருது. பேசிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கி வெளியே போனார்.

அவருடைய போன் மேசையில், அவர் தண்ணீர் குடித்த டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது.

பதிப்பாளர் என் காதில், "உங்க மாமாகிட்ட அந்தக் காப்பிய ஒரு நிமிஷம் வாங்குங்க மேடம். போட்டோ எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றார். இந்தப் பக்கம் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால், டீக்கடையில் அழைத்ததெல்லாம் வீண். கேட்காவிட்டால் என்னை ஆளாக்கிய மனிதர் காரை எடுத்துக்கொண்டு காரியாபட்டி தாண்டி மதுரைக்கே போய்விடுவார். சச்சரவுகளைப் பற்றி ஒரு புத்தகம் முழுக்க எழுதியவளுக்கு, சச்சரவு வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லையே என்று அழுகை வந்தது.

"மாமா..." என்று வாயைத் திறந்தேன்.

மாமா என்னைக் கவனிக்கவில்லை. வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடை பெஞ்சில், சற்று முன் அவர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அதே போல் முதுகைக் காட்டிப் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். மாமா மேசையில் கிடந்த போனைப் பார்த்தார். மறுபடி வெளியே பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"ஏத்தா, இவுக நம்ம ஆளுத்தா!" என்றார். "படிச்சவுக, என்ன பேசுறதுன்னு தெரியாமப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன். நம்மள மாதிரியேல்ல கோவிச்சுக்கிறாக!"

"நான் போயிக் கூட்டியாறேன் மாமா."

"நீ இரு. நீ கூப்புட்டா அவுகளுக்குப் பத்தாது. இதுக்கு நாந்தான் போகணும்."

தட்டில் இருந்த புதுத் துண்டை எடுத்துக்கொண்டு, மேளக்காரர்களுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு மாமா கிளம்பினார். நாங்கள் எல்லாரும் வாசலில் கூடி நின்றோம்.

"ஐயா, உள்ள வாங்க."

"இல்லீங்க. நான் ஒரு அழைப்பு..." பேராசிரியர் சட்டைப் பையைத் தொட்டார். பிறகு கால்சட்டைப் பையைத் தொட்டார். காது சிவந்துவிட்டது.

மாமா அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "பேசி முடிங்கய்யா. அவசரமில்ல. நான் நிக்கிறேன்" என்றார்.

பேராசிரியர் பையிலிருந்து கையை எடுத்தார். பிறகு மாமா சொன்னார்: "எங்க புள்ளைக்கு நகை நட்டுத்தான் நான் போட்டேன். படிப்ப நீங்க குடுத்தீக. படிப்பு விசயத்துல அதுக்குத் தாய்மாமன் நீங்கதான். மத்த எல்லாத்துக்கும் நான் இருக்கேன்." சொல்லிவிட்டு, மறுப்பதற்குள் அந்தப் புதுத் துண்டை விரித்துப் பேராசிரியரின் தலையில் தலைப்பாகையாகச் சுற்றிவிட்டார். மேளம் முழங்கியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் இங்கே வாசலில் நின்று, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அம்மா மட்டும் தன் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் முழங்கையை அப்போதுதான் விட்டாள்.

மேளத்தோடு பேராசிரியர் உள்ளே வந்ததும் மாமா பதிப்பாளரிடம், "தம்பி, வெளிய குடுத்தது வெளிக்கு மொதப் பிரதி. இது மேடைக்கு மொதப் பிரதி. ரெண்டாவதுங்கிற பேச்சே வரக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். பதிப்பாளர் அப்படியே அறிவித்தார். பேராசிரியர் பெற்றுக்கொண்டு, நெடுநேரம் அருமையாகப் பேசினார். மரியாதை மீதான மயக்கம் கல்வியால் கரையும் என்பதை மறுபடி வலியுறுத்தினார். பேசி முடிக்கும்வரை தலைப்பாகையை அவர் அவிழ்க்கவில்லை. படங்களில் அது அவருக்கு மிகப் பொருத்தமாக இருக்கிறது.

கூட்டம் கலைந்தபோது இன்னொன்றும் நடந்தது. மண்டபத்தில் விசேஷம் முடிந்து வெளியே வரும்போது வாசலில் தாம்பூலப் பை கொடுப்பது வழக்கம். பதிப்பாளரின் மேசை அந்த இடத்தில்தான் இருந்தது. பரளச்சிச் சொந்தங்கள் ஆளுக்கொரு புத்தகத்தைக் கும்பிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். சிலர் வராதவர்களுக்கும் சேர்த்து எடுத்தார்கள். பதிப்பாளர் பில் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். அம்மா அவரிடம் போய், "எல்லாருக்கும் பத்துச்சா தம்பி?" என்று பரிவாகக் கேட்டாள். பக்கத்தில் மாமா நின்றதால் அவர், "பத்துச்சும்மா" என்றார். இன்றைக்கும் பரளச்சியில் பல வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் 'காலனிய காலத்துக் கருவேலமரம்' இருக்கிறது. (கிடா ஒரு புத்தகத்தைத் தின்றுவிட்டதாகச் சொந்தத்தில் ஒரு கதை உலவுகிறது. அது பொய். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.)

அந்த வருடப் பொங்கலுக்குப் பரளச்சியிலிருந்து அம்மாவுக்கு இரண்டு சேலை வந்தது. மதுரைக்கு, பேராசிரியர் வீட்டுக்கும் கரும்புக் கட்டும் கொத்தமல்லி மூட்டையும் போயின. இப்போது அவர்கள் இரண்டு பேரும் என்னிடம் சொல்லாமலே போனில் பேசிக்கொள்கிறார்கள்.

எங்கள் சொந்தத்தில் அதற்குப் பிறகு யாரும் 'கோபித்துக்கொண்டார்' என்று சொல்வதில்லை. கல்யாண வீட்டில் ஓர் ஆளைக் காணவில்லை என்றால், "அவுக போன் பேசப் போயிருக்காக" என்பார்கள். உடனே யாராவது துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். என் நூலில் இருந்து ஒரு சொல்கூட மக்கள் வழக்கில் சேரவில்லை. ஆனால் அதன் வெளியீட்டு விழாவிலிருந்து இது சேர்ந்துவிட்டது.

போன ஆனியில் மாமாவின் பேரனுக்குக் காதுகுத்து. தட்டு எடுக்க வீட்டுப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சம்பந்தம் ஆன வீட்டுப் பெண்களை முதலில் கூப்பிட்டார்கள். பிறகு பக்கத்து ஊர்க்காரர்களை. என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அதனாலெல்லாம் ஒன்றுமில்லை. நான் மானுடவியல் படித்தவள். வெயில் கொஞ்சம் அதிகமாக இருந்ததால், பந்தலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்தேன். பந்தல் பக்கம் வெளிச்சத்தில் கண் கூசியதால் எதிர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

பின்னால் மெல்ல மெல்லச் சிரிப்புச் சத்தம் கூடியது. அம்மாவின் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. என் கைப்பையும் அதற்குள் போனும் அவள் மடியில்தான் இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூட்டு வலியோடு ஒவ்வோர் அடியாக நடந்து மாமாவே வந்தார். தோளில் ஒரு புதுத் துண்டு.

"ஏத்தா," என்றார், "அங்கன டவரு கெடைக்குதா?"

"கெடைக்கல மாமா" என்று எழுந்து அவர் பின்னால் போனேன்.